பாதிரியில்லாத ஞாயிறு

மதத்தை விட்டு வெளியேறுவது ஒரு நாள் வேலை, தோழர்களே! கதவைத் திறந்து காலை வெளியே வைத்தால் முடிந்தது. ஆனால் மறுநாள் பொழுது விடிகிறதே, அப்போது? விடியலில் முழந்தாளிட்டுப் பழகிய கால்கள், உணவின்முன் முணுமுணுத்துப் பழகிய உதடுகள், ஏழாம் நாள் வந்ததும் நல்லுடை உடுத்திக் கூட்டத்தோடு கூட்டமாய்த் தலைகுனிந்து பழகிய உடம்பு... இவை பழைய எசமானனைத் தேடுமே! கூரையைப் பிரித்தெறிந்தவன் மழைக்கு எங்கே ஒதுங்குவான் பார்ப்போம் என்று வைதிகர் திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பர். பாதிப்பேர் நனைந்துகொண்டே திரும்பியும் வந்துவிடுவர்.

திரும்பி வராத ஒருவரைப்பற்றி இன்று சொல்கிறேன். பெயர், பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலுக்குக் கடிவாளம் போட்டவர் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர் என்று வரலாறு சொல்லும். அந்நாட்டு 100 டாலர் நோட்டில் அந்த வழுக்கைத் தலையைக் காணலாம். நான் காட்ட விரும்பும் பிராங்க்ளின் வேறு. சட்டைப்பையில் ஒரு சின்னஞ்சிறு குறிப்பேடு; இரவானால் விளக்கடியில் அமர்ந்து, தன்மீது தானே குற்றப்பத்திரிகை வாசித்துக்கொண்ட அச்சுத் தொழிலாளி. அந்த ஆளைக் காட்டுகிறேன்.

1706 ஜனவரி 17. பாஸ்டன் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சோப்பும் கொழுப்பு மெழுகுவத்தியும் காய்ச்சிப் பிழைத்த ஜோசையா பிராங்க்ளினுக்கு 15ஆவது பிள்ளை பிறந்தது. பிறந்த அன்றே தெருவைத் தாண்டித் தூக்கிப்போய்த் தேவாலயத்தில் நீர் தெளித்துப் பெயரிட்டுவிட்டார்கள். எப்படிப்பட்ட ஊர் தெரியுமோ அது? பியூரிட்டன்களின் ஊர். கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவனுக்கு 5 ஷில்லிங் தண்டம் என்று 1659இல் சட்டம் இயற்றி, 22 ஆண்டுகள் அதை வைத்திருந்த ஊர்! ஏசு பிறந்த நாளைக் கொண்டாடியதற்கு ஏசுவின் அடியார்களே தண்டம் போட்டனர். ஓய்வு நாளில் விளையாடினால் குற்றம், வேலை செய்தால் குற்றம். மோட்சத்துக்குப் போகிறவன் யார், நரகத்தில் வேகிறவன் யார் என்று ஆண்டவன் முன்னமே பட்டியல் எழுதி முடித்துவிட்டான். நீ அழுதாலும் தொழுதாலும் பட்டியல் மாறாது. இது அந்த மதத்தின் நடுத்தூண்.

பையன் பத்தாவது ஆண்மகன். விளைச்சலில் பத்தில் ஒன்று கோயிலுக்கு என்பார்களே, அந்தக் கணக்கில், பத்து மகன்களில் ஒருவனைக் கோயிலுக்குக் கொடுப்பதென்று தந்தை முடிவுகட்டினார். சிற்றப்பா ஒருவர், தாம் கேட்ட பிரசங்கங்களையெல்லாம் சுருக்கெழுத்தில் எழுதி வைத்திருந்தார். பையன் பாதிரியானதும் அந்த மூட்டையை முதலாக வைத்துத் தொழில் நடத்தட்டும் என்று தரத் தயாராயிருந்தார். பாதிரிப் படிப்புக்கு ஆகும் செலவைக் கணக்கிட்ட தந்தை மலைத்துப்போனார். பிள்ளை பள்ளியில் இருந்தது மொத்தம் இரண்டே ஆண்டு. பத்து வயதில் திரி நறுக்க உட்கார்ந்தான். ஆண்டவனுக்கு ஒரு பாதிரி கிடைக்காமற் போனதற்கு வறுமையே காரணம்!

இந்தக் காலத்தைப்பற்றிக் குடும்பத்தார் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. ஒவ்வொரு வேளையும் தந்தை நீட்டி முழக்கிச் செபம் சொல்வதைக் கேட்டுச் சலித்த சிறுவன், உப்பிட்ட இறைச்சிப் பீப்பாயின்மீது மொத்தமாக ஒரே ஒரு செபத்தைச் சொல்லிவிட்டால் நேரம் மிச்சமாகுமே என்றானாம்.

12ஆம் வயதில் அண்ணன் ஜேம்சின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டான். 21 வயது வரை அடிமைச் சீட்டு. புத்தகக் கடைப் பையன்களிடம் சிநேகம் பிடித்து, மாலையில் வாங்கி, விடிய விடியப் படித்து, கடை திறக்குமுன் திருப்பிக் கொடுப்பான். இறைச்சியை விட்டுச் சாப்பாட்டுச் செலவில் பாதியை மிச்சம் பிடித்து அதிலும் புத்தகம் வாங்கினான். நாத்திகத்துக்கு அடுத்த வீடு என்று வைதிகர் அஞ்சிய புதுக்கொள்கையை மறுத்து எழுதப்பட்ட நூல்கள் சில கைக்குக் கிடைத்தன. மறுப்பதற்காக எதிராளியின் வாதங்களை அதில் எடுத்துக் காட்டியிருந்தார்கள். பையனுக்கு எதிராளியின் வாதமே வலுவாகப் பட்டது! ஞாயிறு வந்தால் மற்றவர் கோயிலுக்கு, இவன் பூட்டிய அச்சகத்துக்குள் படிப்பதற்கு. போக வேண்டியது கடமை என்ற எண்ணம் அப்போதும் மனத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நேரத்துக்குத்தான் மனம் வரவில்லை. இதை அவரே பின்னாளில் மறைக்காமல் எழுதிவைத்தார். வாயாடித்தனமும் சேர்ந்தது. தெருவில் நல்லவர்கள் இவனைச் சுட்டிக்காட்டி, நம்பிக்கையற்றவன் என்று முணுமுணுத்தார்கள். வீட்டிலோ அண்ணன் கையால் அடி. 1723இல், 17 வயதில், சீட்டைக் கிழிக்காமலே ஓடிவிட்டான்.

பிலடெல்பியாவில் கால் வைத்ததும் மூன்று பெரிய ரொட்டிகளை வாங்கிக்கொண்டு தெருவில் நடந்தான். நல்லுடை உடுத்தி ஒரு கூட்டம் போகிறதே என்று பின்னால் போனான். குவேக்கர்களின் தொழுகைக்கூடம். அங்கே பாதிரியும் இல்லை, பிரசங்கமும் இல்லை. எல்லோரும் வாய்பேசாது அமர்ந்திருந்தனர். களைத்து வந்த பையன் அப்படியே தூங்கிவிட்டான். கூட்டம் கலைகையில் யாரோ அன்போடு தட்டி எழுப்பினார்கள். அந்த நகரில் அவன் உறங்கிய முதல் வீடு அதுதான்.

பிறகு லண்டன். 1724 முதல் 1726 வரை அங்கே அச்சுக்கோத்தான். வாட்ஸ் அச்சகத்துத் தோழர்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பைண்ட் பீர், சாப்பாட்டோடு ஒன்று, அதற்கும் மதியத்துக்கும் நடுவே ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று, வேலை முடிந்து ஒன்று என்று குடிப்பார்கள். உரத்த வேலைக்கு உரத்த பீர் வேண்டுமாம்! இவன் தண்ணீர் குடித்தான். அவர்கள் இரண்டு கையாலும் ஒரு பாரம் ஈய எழுத்தைத் தூக்க, இவன் கைக்கு ஒன்றாக இரண்டு பாரங்களைத் தூக்கி மாடிப்படி ஏறினான். சனிக்கிழமை சம்பளத்தில் பீர்க்கடைக் கணக்குக்குப் போனது போக அவர்கள் கைக்கு வந்தது கொஞ்சம்.

லண்டனில், 19 வயதில், ஒரு சிறு நூலை எழுதித் தானே அச்சிட்டான். எல்லாம் ஆண்டவன் விதித்தபடி நடக்குமானால், நல்லது கெட்டது என்ற பாகுபாடே உலகில் கிடையாது என்று கணக்குப் போட்டு நிறுவும் நூல். 100 படிகள். பாஸ்டனின் பட்டியல் ஆண்டவனை எடுத்து, அவனைக் கொண்டே பாஸ்டனின் ஒழுக்கத்தை உடைத்த கெட்டிக்காரத்தனம்!

ஆனால் தோழர்களே, கெட்டிக்காரத்தனம் தெருவில் இறங்கி நடந்தபோது என்ன ஆயிற்று? இவனால் மதத்தை விட்ட நண்பர்கள் இருவர் இவன் பணத்தையே வாங்கி ஏப்பம் விட்டனர். இவன் மட்டும் யோக்கியனா? வெர்னன் என்பவர் நம்பி வசூலிக்கச் சொன்ன பணத்தை எடுத்துச் செலவழித்திருந்தான். மணப்பதாகச் சொல்லிவிட்டு வந்த டெபோரா என்ற பெண்ணுக்கு லண்டனிலிருந்து ஒரே ஒரு கடிதம் போட்டதோடு சரி. நரகத்தின் பயம் போயிற்று, நல்லது. அந்தப் பயம் பார்த்துவந்த கணக்கை இனி யார் பார்ப்பது? இந்தக் கேள்வி அவன் நெஞ்சில் தைத்தது. தன் நூல் உண்மையாகவே இருந்தாலும் உதவாத உண்மை என்று தோன்றிவிட்டது. கைவசமிருந்த படிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொளுத்தினான்.

கொளுத்தியவன் பாஸ்டன் பாதிரியிடம் ஓடிப்போய் மண்டியிட்டான் என்றா எதிர்பார்க்கிறீர்கள்? இல்லை. 1728 நவம்பர் 20. பிலடெல்பியாவில் சொந்த அச்சகம் தொடங்கிய ஆண்டு. வயது 22. இனி அவர் என்றே சொல்கிறேன், முதலாளி ஆகிவிட்டாரே! அன்றைய தேதியிட்டுத் தமக்கென்று ஒரு வழிபாட்டு முறையைக் கையால் எழுதிக்கொண்டார். தமக்கு மட்டும். சபை சேர்க்கவில்லை, சீடர் தேடவில்லை, அச்சகம் கையில் இருந்தும் அச்சடிக்கவில்லை.

முறை இதுதான். முதலில் தாம் எதை நம்புகிறார் என்பதன் சுருக்கம். எல்லையற்ற பரம்பொருள் ஒன்று உண்டு; ஆனால் அவ்வளவு பெரியதற்கு இந்தச் சிற்றுயிரின் புகழ்ச்சி எதற்கு? இப்படிப் போகிறது. பிறகு இயற்கையின் அமைப்பைச் சொல்லும் நூல் ஒன்றிலிருந்து சில பக்கம் படிப்பது. அல்லது சில நிமிடம் பேசாமல் அமர்வது. பிறகு மில்டனின் துதிப்பாடலைப் பாடுவது. பிறகு ஒழுக்க நூல் வாசிப்பு. அதன்பின் வேண்டுதல். என்ன வேண்டினார்? பொன்னும் பொருளும் அல்ல. தாம் பொய், பொறாமை, வஞ்சம் இவற்றுக்கு ஆளாகாமலும், நாட்டுக்கும் நண்பருக்கும் உண்மையாகவும் இருக்க வேண்டும் என்று நீளமான பட்டியல். கடைசியில் நன்றி. நம்மில் பலருக்கு இந்தப் பரம்பொருளும் ஒப்பாது. ஒப்ப வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஒரு தொழிலாளி, தன் வழிபாட்டைத் தானே தைத்துக்கொண்டான் என்பதைப் பாருங்கள். பழைய சட்டையின் துணியும் அதில் கொஞ்சம் கலந்துதான் இருக்கிறது.

ஊரில் இருந்த ஒரே பிரெஸ்பிட்டேரியன் பாதிரி, அடிக்கடி வந்து அழைப்பார். பிராங்க்ளின் ஆண்டுச் சந்தாவைத் தவறாமல் கட்டிவந்தவர்; ஆள்தான் போவதில்லை. ஒரு முறை தொடர்ந்து ஐந்து ஞாயிறு போனார். நல்லொழுக்கத்தைப்பற்றிய ஒரு வேத வசனத்தை எடுத்துப் பாதிரி பேச எழுந்தபோது, இன்றாவது உருப்படியாக ஏதேனும் வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்தது என்ன? ஓய்வு நாளை அனுசரி, வேதத்தைப் படி, கோயிலுக்கு வா, நற்கருணை வாங்கு, பாதிரிக்கு மரியாதை செய். இவ்வைந்தும்தான் ஒழுக்கமாம்! பொய் சொல்லாதே என்பதற்குக்கூட அதில் இடமில்லை. நல்ல மனிதனை ஆக்கப் பார்க்கவில்லை, நல்ல பிரெஸ்பிட்டேரியனை ஆக்கப் பார்க்கிறார்கள் என்று கண்டு எழுந்து வந்தார். தம் கையெழுத்துப் படிக்கே திரும்பினார்.

அதன்பின் பிறந்தது அந்தக் குறிப்பேடு. மிதமான உணவு, அளவான பேச்சு, ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு என்று பன்னிரண்டு நற்குணங்களை எழுதினார். ஒரு குவேக்கர் நண்பர் பார்த்துவிட்டு, உன்னை ஊரார் அகம்பாவி என்கிறார்களே, தெரியுமா என்று எடுத்துக்காட்டுகளோடு கேட்டார். பதின்மூன்றாவதாகப் பணிவு சேர்ந்தது! குணத்துக்கு ஒரு பக்கம். சிவப்பு மையால் நெடுக்கே கோடிட்டு ஏழு நாட்களுக்கு ஏழு கட்டம். குறுக்கே பதின்மூன்று வரி. இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து, எந்த குணத்தில் தவறினாரோ அந்த வரியில் ஒரு கறுப்புப் புள்ளி. வாரம் ஒரு குணத்தில் முழுக் கவனம்; 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. தோட்டத்தில் களை பிடுங்குகிறவன் ஒரே நாளில் எல்லாப் பாத்தியிலும் கை வைக்கமாட்டான், ஒன்றை முடித்து மற்றொன்றுக்குப் போவான் என்பது அவர் காட்டிய கணக்கு. ஐந்து மணிக்கு எழுந்ததும் இன்று என்ன நன்மை செய்யலாம் என்ற யோசனை. பத்து மணிக்குப் படுக்குமுன் என்ன செய்தோம் என்ற தணிக்கை. நடுவே எட்டு மணி நேர உழைப்பு, பாட்டு, பேச்சு.

பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிப் புதுச் சுற்று தொடங்கியதில் தாள் ஓட்டையாகிவிட்டது. பிறகு தந்த ஏடுகளில் கோடிட்டு, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். பாவத்தைத் துடைக்க ரோமாபுரிக்கு நடக்கிறவர்கள் உண்டு; இவருக்கு ஒரு பஞ்சு போதுமானதாயிருந்தது!

எதிர்பார்த்ததைவிடப் புள்ளிகள் அதிகம் என்று அவரே ஒப்பினார். ஒழுங்கு என்ற வரி கடைசிவரை உருப்படவில்லை. சாமான்கள் கண்ட இடத்தில் கிடந்தன. அதற்கு ஒரு கதை சொல்வார். கோடாலி வாங்கியவன், விளிம்பு மின்னுவதுபோல் முகம் முழுவதும் மின்ன வேண்டும் என்றானாம். சாணைச் சக்கரத்தை நீ சுற்று, நான் தீட்டித் தருகிறேன் என்றான் கொல்லன். சுற்றிச் சுற்றிக் கை சோர்ந்தவன், புள்ளி விழுந்த கோடாலிதான் எனக்குப் பிடிக்கும் என்று வாங்கிக்கொண்டு போனானாம். பிராங்க்ளின் தம் கோடாலியும் அதுவே என்பார். கற்பொழுக்கமும் பட்டியலில் உண்டு. அவருடைய மூத்த மகன் வில்லியம், மணவாழ்வுக்கு வெளியே பிறந்தவர். 1730இல் டெபோராவையே மனைவியாக ஏற்றார். ஆனால் கடைசிப் பத்தாண்டு அந்த அம்மையை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. கடல் தாண்டி லண்டனில் இருந்தார். 1774இல் டெபோரா காத்திருந்தே கண் மூடினார். அந்தப் புள்ளியைத் துடைக்கப் பஞ்சு இல்லை.

கோயில் கொடுத்த கூட்டத்துக்கு ஈடு? அதற்கும் 1727இலேயே வழி செய்திருந்தார். வெள்ளி மாலைதோறும் ஒரு கூட்டம், ஜுண்டோ என்று பெயர். கண்ணாடி பொருத்துகிறவர், செருப்புத் தைத்துப் பழகியவர், தச்சர், பத்திரம் எழுதுகிறவர், அச்சுக்கோப்பவர் என இப்படிப்பட்டவர்கள் உறுப்பினர். சேருகிறவர் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து நான்கு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். எந்த மதத்தானாயினும் மனிதனை நேசிக்கிறாயா, கொள்கைக்காகவும் வழிபாட்டுக்காகவும் ஒருவனை உடலிலோ பெயரிலோ பொருளிலோ துன்புறுத்தலாமா என்பவை அவற்றில் சில. கூட்டம்தோறும் வாசிக்கும் கேள்விகளுக்கு இடையே ஒரு கோப்பை ஒயின் குடிக்க இடைவெளியும் உண்டு. அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1731இல் சந்தா நூலகமும், 1736இல் தீயணைப்புக் குழுவும் கிளைத்தன.

1738இல் பாஸ்டனிலிருந்து தாய் தந்தையரின் கவலைக் கடிதம் வந்தது. மகன் தப்பான கொள்கையில் விழுந்தான் என்ற துயரம். பிள்ளை எள்ளி நகையாடவில்லை. கொள்கையை அதன் விளைவைக் கொண்டு பார்க்க வேண்டும். கடைசி நாளில் என்ன நினைத்தோம் என்று கேட்கமாட்டார்கள், என்ன செய்தோம் என்றே கேட்பார்கள் என்று அவர்களுடைய வேதத்தையே எடுத்துப் பணிவாக எழுதினார். பெற்றவளின் கண்ணீருக்கு வாதம் மருந்தாகாது என்று அறிந்த எழுத்து அது.

பிறருடைய மதத்தையும் அவர் தம் அச்சுப் பட்டறைக்குக் கொண்டுவந்தார் ஒரு முறை! 1773இல் ஒரு பிரபுவோடு சேர்ந்து ஆங்கிலத் திருச்சபையின் செபநூலைச் சுருக்கினார். நீண்ட தொழுகை, குளிரில் முதியவர் நடுங்குகிறார் என்று வெட்டினார். அடக்க ஆராதனையையும் குறைத்தார். செத்தவனுக்காக நிற்கும் உயிருள்ளவர் சளி பிடித்துச் சாகக்கூடாதல்லவா? நூல் விற்கவில்லை. தமக்குத் தைத்த சட்டையைத்தான் மனிதன் விரும்பி அணிகிறான் போலும்.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. ஓடிப்போன பையனாக அந்நகரில் நுழைந்தவர், 1729இல் தமதாக்கிக்கொண்ட பத்திரிகையில், ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசு என்ற விளம்பரங்களைக் காசு வாங்கிப் போட்டார். மனிதரை விற்கும் விளம்பரங்களும் போட்டார். வீட்டிலேயே அடிமைகள் இருந்தனர். அடிமைமுறையைச் சாடிய பெஞ்சமின் லே என்ற குவேக்கரின் நூலையும் 1737இல் அவர் அச்சகமே அடித்தது! அந்த எழுத்துக்களைப் பார்த்த கண், குறிப்பேட்டைப் பார்க்கவில்லையா? நீதி என்ற வரி அதில் இருந்தது. யாருக்கும் தீங்கு செய்யாதே என்று விளக்கமும் இருந்தது. அந்த வரியில் இதற்கு ஒரு புள்ளி விழுந்ததாகச் செய்தி இல்லை. தன்னைத் தானே தணிக்கை செய்கிறவனுக்கு வரும் ஆபத்து இது: கணக்கில் ஏற்றாத கடன், கடனாகவே தெரியாது. 1757இல் லண்டனுக்குப் போனபோது உடன்வந்த அடிமைகள் இருவரில் கிங் என்பவர் தப்பினார். சஃபோக் பக்கத்தில் ஒரு பெண்மணி அவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்.

கண் திறந்தது மெல்ல மெல்ல. 1763இல் பிலடெல்பியாவில் கறுப்புக் குழந்தைகளின் பள்ளிக்குப் போனார். அந்தக் குழந்தைகளின் அறிவும் நினைவாற்றலும் வெள்ளைக் குழந்தைகளுக்கு எவ்வகையிலும் குறைவல்ல என்று கண்டு, தம் எண்ணம் மாறியதை எழுதினார். அப்போது அவருக்கு வயது 57. அதற்குப் பிறகும் ஆண்டுகள் பல ஓடின. 1787இல், 81 வயதில், அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அவர் கையொப்பத்தோடு, அடிமைமுறையை ஒழிக்க வேண்டும் என்ற மனு அமெரிக்கக் காங்கிரசின் முன் போயிற்று. ஜார்ஜியா உறுப்பினர் ஒருவர் வேதத்தைக் காட்டி அடிமைமுறையை நியாயப்படுத்தினார். படுக்கையில் கிடந்த கிழவர் பேனாவை எடுத்தார். அல்ஜியர்சில் ஒரு முஸ்லிம், கிறிஸ்தவர்களை அடிமையாக வைத்திருப்பதை அதே வாதங்களால் நியாயப்படுத்துவதாகக் கற்பனை செய்து எழுதினார். பத்திரிகைக்கு அவர் எழுதிய கடைசி எழுத்து அது. ஒரு மாதம் முடியுமுன், ஏப்ரல் 17இல், மறைந்தார். ஏறத்தாழ 20,000 பேர் கூடிய இறுதி ஊர்வலத்தில், நகரத்தின் எல்லாச் சபைப் பாதிரிகளும் சவப்பெட்டிக்கு முன்னே நடந்தனர். எந்தச் சபை கோயில் கட்டினாலும் இல்லையென்னாமல் பணம் தந்தவர் அல்லவா!

தந்த ஏட்டில் நாள்தோறும் புள்ளி வைக்கும் வழக்கம், முதுமைக்கு வெகுமுன்பே நின்றுபோயிருந்தது. வேலைகள் பெருகின, பயணங்கள் பெருகின. ஆனாலும் அந்த ஏட்டை மட்டும் போகுமிடமெல்லாம் உடன் எடுத்துச் சென்றார்.

1788இல் எழுதிய உயிலில், தூதர் என்ற பட்டத்துக்கு முன்னால் அச்சுத் தொழிலாளி என்றே தம்மைச் சொல்லிக்கொண்டார். மருமகன் ரிச்சர்டு பேச் அவருக்குப் பெருங்கடன் பட்டிருந்தார். அந்தக் கடனைத் தள்ளுபடி செய்து, அதற்கு ஈடாக ஒன்று கேட்டார்: தாம் இறந்த உடனே, பேச் தம் வீட்டிலுள்ள பாப் என்ற கறுப்பரை விடுதலை செய்ய வேண்டும்.